சல்லடை அறியாத கரை

ஒத்திகையில் குன்வோர் பாடிய நான்கு பாட்டுக்கும் சல்லடை சிவப்பையே காட்டியது.

முதலில் அவள் தன் படகைப் பாடினாள். பிறகு தன் தம்பியை. பிறகு மீன் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய ஒருத்தியை. கடைசியில் அந்த மீனையே. ஒவ்வொரு முறையும் ஒலிக் கூண்டுக்குள், ஆரணியின் முன்னால் இருந்த திரையில் ஒரே வரிதான் வந்தது: உறவு இல்லை, போலி.

"திரும்ப ஒருக்காப் போடு பிள்ளை," என்றாள் குன்வோர் மைக்கில். "மெஷினுக்குக் காது அடைச்சிருக்கும்."

"காது நல்லாத்தான் இருக்கு அன்ரி."

"அப்ப தலையிலதான் பிழை."

அந்தத் தலையைச் செய்தவர்களில் ஆரணியும் ஒருத்தி.

அவர்கள் பேசிக்கொண்டது நோர்வே மொழியில். ஆனால் ஆரணியின் தலைக்குள் எந்த மொழியும் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து இறங்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். வட நோர்வேயின் கடைக்கோடியில், ஸ்கார்வ்விக் என்ற இந்தத் துறைமுக ஊரில்தான் அவள் பிறந்தாள். அப்பாவும் அம்மாவும் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். பக்கத்து வீட்டில் குன்வோர். அவள் அந்த வடக்கின் பழங்குடியான சாமி இனத்தவள், கரையோரத்துச் சாமி. அம்மா ஒருமுறை தொலைபேசியில் "இஞ்ச சாமி ஆக்களோடதான் பழக்கம்" என்று சொல்லப்போய், மகள் மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று சுன்னாகத்தில் இரண்டு நாள் அழுகை நடந்ததாம்.

இந்த இசைவிழா சாமி மக்களுடையது. ஆண்டுதோறும் உள்நாட்டில், கலைமான் மேயும் மேட்டுநிலத்தில் நடக்கும். முதன்முதலாக இந்த ஆண்டுதான் கடற்கரைக்கு வந்திருந்தது. மின்கிட்டார் வாசிப்பவர்கள் இருந்தார்கள், கணினி இசையோடு பாடுபவர்கள் இருந்தார்கள், வெறும் தொண்டையோடு வருபவர்களும் இருந்தார்கள். எல்லாருக்கும் நடுவில் இருந்தது யொய்க், சாமி மக்களின் பழைய பாட்டுமுறை.

எல்லாருக்கும் மேலே இருந்தது சல்லடை.

ஆரணி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் போலி யொய்க்குகள் வெள்ளம்போல வந்தன. எந்த முகத்தையும் எந்தக் குரலையும் கொடுத்தால் இயந்திரம் ஒரு யொய்க் செய்து தந்தது. விடுதிகள் வாங்கின, விமான நிலையங்கள் வாங்கின. உண்மையானவற்றைத் தேடுகிறவனுக்கு ஆயிரம் போலிகள் கிடைத்தன. அப்போதுதான் சாமி இசைக்காரர்கள் ஒரு குழு அமைத்துச் சல்லடை என்ற இயந்திரத்தைச் செய்து தரக் கேட்டார்கள். அது ஒரு யொய்க்கைக் கேட்கும். பழைய ஒலிப்பதிவுகள் அத்தனையோடும் ஒப்பிடும். எங்கேயாவது சொந்தம் இருந்தால் பச்சை காட்டி, நெருங்கிய உறவின் பெயரையும் சொல்லும். இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மேடையில் ஒலியை இறக்க வேண்டும். பாடியவர் பெயர் போலிக்காரர் வரிசையில் சேரும். அதன்பின் எந்த மேடையும், எந்த ஒலிபரப்பும் அவரை ஏற்காது.

ஒத்திகைச் சிவப்புக்குத் தண்டனை இல்லை. மாலைச் சிவப்புக்கு இருந்தது.

விழாவின் பொறுப்பாளர் ஆஸ்லாக் கூண்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். உள்நாட்டுக்காரர், கலைமான் மேய்க்கிற குடும்பம். நாற்பது வயதிலேயே புருவம் நரைத்திருந்தது. குன்வோரும் பின்னாலேயே வந்து கதவைத் திறந்தாள்.

"என்னைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் எனக்கு முன்னால கதையுங்கோ."

"உங்களைப் பற்றி இல்லை," என்றார் ஆஸ்லாக். "சட்டத்தைப் பற்றி."

"அந்தச் சட்டம் நாலு தரமும் என்ர மூஞ்சையில தானே விழுந்தது."

ஆஸ்லாக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவர் கோபக்காரர் இல்லை. அதுதான் ஆரணிக்குக் கஷ்டமாக இருந்தது.

"குன்வோர், இது ஏன் வந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். என்ர தம்பி பனிக்குள்ள செத்தவன். அவன் போய் மூண்டாம் வருசம், ஒரு பியர் விளம்பரத்தில அவன்ர யொய்க் வந்தது. ஆரோ அவன்ர பழைய வீடியோவைக் கொடுத்து மெஷினிட்டச் செய்விச்சது. அம்மா அடுக்களையில நிண்டவ. டீவியில கேட்ட உடன, கையில இருந்த கோப்பையை வைச்சிட்டு வாசலுக்குப் போனவ."

"ஏன்?" என்றாள் ஆரணி. கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"அவன் வந்திட்டான் எண்டு. வேற ஏன்."

வெளியே யாரோ மேளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது அநியாயம்," என்றாள் குன்வோர். குரல் இறங்கியிருந்தது. "ஆனா அந்த அநியாயத்தைச் செய்தது நானோ?"

"இல்லை."

"அப்ப உங்கட மெஷின் ஏன் என்னைப் போலி எண்டுது?"

ஆஸ்லாக் ஆரணியைப் பார்த்தார். சொல்ல வேண்டியது அவள்.

"ஒப்பிட ஒண்டும் இல்லை அன்ரி," என்றாள். "பழைய பதிவெல்லாம் உள்நாட்டில எடுத்தது. பதிவுச் சேமிப்பில கரைப் பக்கத்துத் தட்டு வெறுமையா இருக்கு. உங்கட யொய்க் அதுகளைப் போல இல்லை. இடையில இடையில வெட்டுப்படுது, குரல் மேலயே நிக்குது..."

"மோட்டர் சத்தத்துக்கு மேலால பாடினால் குரல் மேலதான் நிக்கும்."

"என்ன மோட்டர்?"

குன்வோர் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"தட்டு ஏன் வெறுமை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ? என்ர அம்மா சின்னப் பெட்டையா இருக்கேக்க ஒரு ஆராய்ச்சியாளர் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்தவர். நல்ல மனுசன். வீடு வீடாப் போய், உங்களிட்ட யொய்க் இருக்கோ எண்டு கேட்டவர். எல்லா வீட்டிலயும் இல்லையெண்டு சொன்னவை. பாதிரியார் அதைப் பாவம் எண்டவர். பள்ளிக்கூடத்தில சாமி மொழி கதைச்சால் அடி. எங்கட பேரையே மாத்தி, குன்வோர், ஊட்வார் எண்டு நோர்வேப் பேர் வைச்சு ஒளிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். அந்த மனுசன் கோப்பி குடிச்சிட்டுப் போட்டார். அந்த வீட்டுச் சனம் படகில ஏறி, கரை மறைஞ்ச பிறகு, மோட்டரைக் கூட்டி வைச்சிட்டுப் பாடினவை."

மேசையில் இருந்த சிவப்பு விளக்கை விரலால் தட்டினாள்.

"நாங்கள் பயத்தில பொய் சொன்னம். உங்கட மெஷின் அதை நம்பியிட்டுது."

ஆரணிக்குக் காது சுட்டது.

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்ல வேண்டியதுதானே," என்றாள் குன்வோர். "போலி எண்டு ஏன் சொல்லுது?"

"முதல்ல மூண்டு விளக்கு இருந்தது," என்றாள் ஆரணி. "பச்சை, சிவப்பு, வெள்ளை. வெள்ளை எண்டால் தெரியாது. குழு வெள்ளையை எடுத்திட்டுது."

"ஏன்?"

"போலிக்காரர் எல்லாரும் வெள்ளைக்குள்ள வந்து ஒளிப்பினம் எண்டு," என்றார் ஆஸ்லாக். "நான்தான் கேட்டு எடுப்பிச்சனான். இண்டைக்கும் அதுதான் சரியெண்டு நினைக்கிறன்."

"நல்லது. ஒளிச்சிருந்த எங்களுக்கும் அதுக்குள்ளதானே இடம்."

ஆஸ்லாக் எழுந்தார். "ஒரு வழி இருக்கு. என்ர மாமாவின்ர யொய்க் ஒண்டைத் தாறன். பின்னேரம் அதைப் பாடுங்கோ. சல்லடை பச்சை காட்டும். உங்கட பேர் தப்பும். வாற வருசம் நான் குழுவோட கதைக்கிறன்."

அது பெரிய கொடை. ஆரணிக்குத் தெரியும். உள்நாட்டுக் குடும்பங்கள் அப்படி எடுத்துக் கொடுப்பதில்லை.

குன்வோர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கட மாமா உயரமோ, கட்டையோ?"

"ஏன்?"

"சிரிச்சால் எப்பிடி? கோவம் வந்தால் கதவை அடிச்சுச் சாத்துவாரோ, பேசாமல் போவாரோ?"

ஆஸ்லாக் சொல்லத் தொடங்குமுன் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு அந்த மனுசனைத் தெரியாது. தெரியாத ஒராளை என்னெண்டு பாடுறது? நான் அதைச் செய்தால் அதுதான் போலி. மெஷின் பச்சை காட்டுற போலி."

அவள் போய்விட்டாள். கதவை அடித்துத்தான் சாத்தினாள்.

ஆஸ்லாக் கதிரையைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார். "பின்னேரம் சிவப்பு விழுந்தால் நீர் இறக்க வேணும்," என்றார். "மெஷின் தானா இறக்காது. மனுசக் கை வேணும் எண்டு சட்டத்தில இருக்கு. இண்டைக்கு அந்தக் கை உம்மட."

"தெரியும்."

"செய்வீரோ?"

"செய்யத்தானே சம்பளம்," என்றாள் ஆரணி. அவளுக்கே அது யாரோ சொன்னதுபோல இருந்தது.

மத்தியானம் அம்மா ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸோடு வந்தாள். கூண்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். விளக்கு போடுகிற பெடியன் மூன்று எடுத்தான். அம்மா அவனை மெச்சினாள்.

"குன்வோர் பேயறைஞ்ச மாதிரிப் போறாள். 'அக்கா, போதும்' எண்டிட்டு ரோல்ஸும் எடுக்கேல்ல. என்ன நடந்தது?"

ஆரணி சொன்னாள். அம்மா எண்ணெய்க் கையைக் கடதாசியில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்ல. பாட்டில பேர் வருமோ?"

"வராது அம்மா. சொல்லே பெரிசா இல்லை. லோ, லா எண்டு போகும்."

"அப்ப ஆரைப் பற்றிப் பாடுறது எண்டு என்னெண்டு தெரியும்?"

"ஆரைப் பற்றியும் பாடுறேல்ல. ஆளையே பாடுறது. ஆளைத் தெரிஞ்சவைக்குக் கேட்ட உடன தெரியும்."

"அப்ப தெரிஞ்ச ஆக்களைக் கேட்டால் முடிஞ்சுது. மெஷின் என்னத்துக்கு?"

"போலி வரும் அம்மா."

"வரட்டும். உன்ர அப்பா மாதிரி ஒருத்தன் நடிச்சுக்கொண்டு வந்தால் எனக்குத் தெரியாதோ?" அம்மா பெட்டியை மூடினாள். "நீ இண்டைக்கு என்ன செய்யப்போறாய்?"

"என்ர வேலையை."

"உன்ர வேலையை நான் கேக்கேல்ல."

ஆரணி மிக்ஸரின் தூசியைத் துடைக்கத் தொடங்கினாள். தூசி எதுவும் இல்லை. இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுதான் அவளுக்குப் பிடித்தது. எல்லாரும் மேடையைப் பார்ப்பார்கள். அவள் எல்லாரையும் பார்ப்பாள். யாரும் திரும்பமாட்டார்கள். அதற்காகவே இந்த வேலையை எடுத்தவள் அவள்.

மாலையில் சூரியன் கடலுக்கு மேலே அப்படியே நின்றது. இந்த மாதத்தில் அது இறங்காது. துறைமுகத் தளம் நிறைந்திருந்தது. முன்பக்கம் உள்நாட்டிலிருந்து வந்தவர்கள், சிவப்பும் நீலமுமாக விழா உடையில். நடுவில் ஊர்க்காரர்கள், மழைக்கோட்டோடு. ஒரு பக்கம் மடக்குக் கதிரைகளில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள், தேநீர்ப் போத்தல்களோடு.

முதலில் பாடியவன் உள்நாட்டில் பெயர்பெற்ற இளைஞன். சல்லடை உடனே பச்சை காட்டி, அவனுடைய பாட்டனாரின் பெயரைச் சொன்னது. மேடையின் பக்கத்தில் நின்ற ஆஸ்லாக் தலையசைத்தார்.

அடுத்து குன்வோர். தொழிற்சாலைக்குப் போகிற அதே நீலக் கம்பளிச் சட்டை. வாத்தியம் இல்லை. வணக்கம் சொல்லவில்லை, யாரைப் பாடப்போகிறாள் என்று சொல்லவில்லை. இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு தொடங்கினாள்.

ஒத்திகையில் பாடிய நான்கில் ஒன்றும் இல்லை அது.

தாழ்ந்த ஒரு சுரத்தில் தொடங்கியது. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று யோசிக்கிற மாதிரி. நடப்பதுபோல இரண்டு எட்டு. ஒரு நிறுத்தம். பிறகு அவசரமாக மூன்று எட்டு, யாரும் பார்க்குமுன் போய்விட வேண்டும் என்பதுபோல. பேச வாயெடுத்து விழுங்குகிற ஓர் இடம் வந்தது. குரல் ஏறி, ஏறி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறங்கியது. ஆனால் அடியில் ஒன்று ஓடியது. பிடிவாதமான ஒரு தாளம். விடாமல் ஒரே கதவைத் தட்டுகிற தாளம். குரல் எவ்வளவு பதுங்கினாலும் அது பதுங்கவில்லை.

யார் இது என்று யோசித்தாள் ஆரணி. எங்கேயோ பார்த்த ஆள். ஒலியின் அளவைக் கொஞ்சம் ஏற்றினாள், தெளிவாகக் கேட்பதற்காக.

ஊர்க்காரர்களின் வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, தெருவில் தெரிந்தவரைக் கண்டால் வருகிற சிரிப்பு. சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி, ஒலிக் கூண்டை.

பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர். பிறகு மருந்துக்கடைக்காரி. பிறகு ஆரணிக்கு நீந்தக் கற்றுக்கொடுத்த வாத்தியார். தமிழ்க் குடும்பங்களின் பக்கத்தில் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். யொய்க் என்றால் என்னவென்று மத்தியானம்வரை தெரியாத அம்மா, பக்கத்துக் கதிரைக்காரியின் தோளைத் தட்டி, கண்ணாடியைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். நடு வரிசைகள் முழுக்கத் திரும்பின. அவளைத் தெரியாத உள்நாட்டுக்காரர்களும், எல்லாரும் யாரைப் பார்க்கிறார்கள் என்று திரும்பினார்கள்.

ஆரணிக்கு மேசைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே குன்வோரின் குரல் அந்தக் கையை அப்படியே பாடிக்கொண்டிருந்தது.

விளக்கு சிவந்தது. உறவு இல்லை, போலி.

ஹெட்ஃபோனில் ஆஸ்லாக்கின் குரல் வந்தது. "சிவப்பு. இறக்கும்."

அவள் கை ஒலிக் குமிழின் மேல் இருந்தது.

"ஆரணி, கேக்குதோ? குழு கத்துது. இறக்கும்."

"ஆஸ்லாக்," என்றாள். "இது ஆர்?"

கண்ணாடி வழியே பார்த்தாள். மேடைப் பக்கத்தில் அவர் நின்றார். அவரும் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்.

"உமக்குத் தெரியேல்லையோ?" என்றார்.

"நீங்கள் சொல்லுங்கோ."

"நீர்தான்."

"மெஷின் போலி எண்டுது."

"பாக்கிறன்."

"அப்ப இது ஆற்ற?"

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. உள்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை அவர். ஒரு யொய்க் அதைச் செய்தவருக்கும் சொந்தமில்லை, பாடுகிறவருக்கும் சொந்தமில்லை, அதற்குள் இருக்கிறவருக்கே சொந்தம் என்பதை யாரும் சொல்லித் தராமலே அறிந்தவர். தம்பியின் யொய்க்குக்காக அதே சொல்லை வைத்து வழக்காடி வென்றவர்.

"உம்மட," என்றார்.

"நான் இறக்க விடமாட்டன்."

"ஆரணி, உம்மட வேலை போகும்."

"போகட்டும்."

"உம்மட பேரும் அந்த வரிசையில போகும்."

"என்னைத்தானே அங்க பாடிக்கொண்டு இருக்கிறா. பேரையும் போடுங்கோ."

அவள் கையைக் குமிழிலிருந்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே ஆஸ்லாக் காதுக் கருவியைக் கழற்றினார். குழுவின் கத்தல் அதற்குள்ளிருந்து கொசுபோலக் கேட்டிருக்கும். மைக்கின் கம்பி அவருடைய காலடியில்தான் ஓடியது. அதைப் பிடுங்க அவர் குனியவில்லை.

குன்வோர் தனக்குக் கொடுத்த நேரம் முழுக்க அதையே பாடினாள். சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாற்றி. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஓர் எட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, மைக்கைத் தாங்கியில் வைத்து இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை ஆரணி தன் பொருள்களை எடுக்கத்தான் கூண்டுக்குப் போனாள். அம்மாவும் கூட வந்தாள், தனியாக விடமாட்டேன் என்று. வழியில் இருவர் மூவர் அவளைப் பார்த்து, வாயைத் திறக்காமல், அந்த மெட்டின் முதல் இரண்டு எட்டை முனகிவிட்டுப் போனார்கள். அது வணக்கம் சொல்கிற முறையாம்.

"இனி நீ ஒளிக்க ஏலாது," என்றாள் அம்மா.

கூண்டுக்குள் குன்வோரும் ஆஸ்லாக்கும் ஒரே கோப்பிக் குடுவையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் தூக்கமில்லாத முகம். மேடையில் ஒரு கிழட்டு மீனவர் நின்றார். ஊட்வார். இதுவரை தரையில் நின்று பாடாதவர். நேற்று இரவே குன்வோரின் கதவைத் தட்டி, தானும் ஒன்று பாட வேண்டும் என்றாராம்.

"இரும்," என்றார் ஆஸ்லாக். "போக முதல் இதைப் பாரும்."

ஊட்வார் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடினார். ஒரு பாறை என்று தெரிந்தது, அலை அடிக்கிற பாறை. குரல் மேலேயே நின்றது. இடையில் இடையில் வெட்டியது.

விளக்கு பச்சையானது.

ஆரணி திரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நெருங்கிய உறவு: ஆரணி, ஸ்கார்வ்விக்.

"இது என்னெண்டு?"

"நீர் செய்த மெஷின், என்னைக் கேக்கிறீர்," என்றார் ஆஸ்லாக். "மேடையில இறக்காமல் கடைசிவரை ஒலிச்சது எதுவோ, அது உண்மை எண்டுதானே நீங்கள் அதுக்குச் சொல்லி வைச்சிருக்கிறியள். விழா முடிய அதை எடுத்துப் படிச்சிட்டுது. இது ஆற்ற எண்டு கேட்டது. நான் சொன்னன்."

"என்ர பேரையோ?"

"வேற ஆற்ற பேரைச் சொல்லுறது?"

வெறுமையாக இருந்த தட்டில் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அது ஒன்றே இருந்ததால் கரைப் பக்கத்து யொய்க்குகள் எல்லாம் அதைத்தான் சொந்தம் என்று பிடித்தன. விடியற்காலையில் ஆஸ்லாக் குன்வோரின் படகையும் தம்பியையும் மீனையும் திரும்பப் பாடச் சொல்லிப் பார்த்தாராம். எல்லாம் பச்சை. எல்லாவற்றுக்கும் மூத்த உறவு, மீன் தொழிற்சாலைத் தமிழரின் மகள்.

அம்மா திரையைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். "மீனும் எங்கட சொந்தமோ?"

"ஓம் அக்கா," என்றாள் குன்வோர்.

"இவ்வளவு காலமும் சொந்தக்காரரையே வெட்டியிருக்கிறம்."

குன்வோர் கோப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். ஆஸ்லாக்கும் சிரித்தார். பிறகு மேசையில் இருந்த தொலைபேசியைக் காட்டினார்.

"குழுத் தலைவி காத்துக்கொண்டு இருக்கிறா. உம்மோடதான் கதைக்க வேணுமாம்."

தலைவியின் குரல் மரியாதையாக இருந்தது. நேற்று நடந்ததைக் குழு பெரிதுபடுத்தாது என்றாள். ஆரணியின் வேலைக்கு ஆபத்தில்லை. குன்வோரின் பெயரும் வரிசையில் சேராது. ஒன்று மட்டும் செய்ய வேண்டும். யொய்க்கின் உரிமையாளர் என்ற முறையில் ஆரணி அதை விலக்கிக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். உரிமையாளர் சொல்லாமல் அழிக்கச் சட்டம் இல்லை.

"அழிச்சால் கரைப் பக்கம் திரும்பச் சிவப்பாகும்," என்றாள் ஆரணி.

"அதை நாங்கள் முறைப்படி, படிப்படியாகப் பாப்பம். யோசிச்சுப் பாருங்கோ. ஒரு கரை முழுக்க உங்களுக்குச் சொந்தம் எண்டு காட்டுது. உலகம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"உங்களுக்கு இது சங்கடமா இல்லையோ?"

"இருக்கு," என்றாள் ஆரணி. உண்மையாகவே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஊட்வார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், மழைக்கோட்டும் கடல் சப்பாத்துமாக. அவர்களும் பாட வந்தவர்கள்போல இருந்தது. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"அப்ப விலக்கிக்கொள்ளுறீங்களோ?"

"இல்லை."

"மிஸ் ஆரணி, உங்கட வேலையைக் காப்பாத்தத்தான் சொல்லுறன்."

"வேலை உங்கட. அதை நீங்கள் எடுக்கலாம். இது என்ர." அவள் மற்றக் கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் பதிவு எண்டு சொல்லுறது நான். என்னை அழிக்கட்டோ எண்டு என்னட்டயே கேக்கிறியள்."

ஆஸ்லாக் கோப்பியைக் கீழே வைத்தார்.

"அப்ப எவ்வளவு காலத்துக்கு இப்படி வைச்சிருக்கப்போறீங்கள்?" என்றாள் தலைவி.

"அந்த வெள்ளை விளக்கைத் திரும்பப் போடுங்கோ. தெரியாததைத் தெரியாதெண்டு சொல்ல அதைப் பழக்குங்கோ. கரைக்காரர் தங்கட ஆக்களைத் தாங்களே பாடி அந்தத் தட்டை நிரப்பட்டும். நிரம்பின பிறகு என்ர பேர் தானாப் பின்னுக்குப் போகும். அதுவரைக்கும் நான் அசைய மாட்டன்."

"குழு இதை ஏற்கும் எண்டு நான் நினைக்கேல்ல."

"ஏற்க வேண்டாம். ஒவ்வொரு பச்சைக்கும் என்ர பேர் வரும். கேட்டுக்கொண்டு இருங்கோ."

அவள் தொலைபேசியை வைத்தாள்.

ஆஸ்லாக் எழுந்து, மேசையில் இருந்த சிவப்பு, பச்சை என்ற அந்த இரண்டு விளக்குகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். வெள்ளையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, வெளியே நின்றவர்களை வரிசையாக வரச் சொன்னார்.

ஊட்வாருக்குப் பொறுமை போய்விட்டது. மைக்கைத் தட்டினார்.

"நான் உண்மையோ, பொய்யோ? ஆராவது சொல்லுங்கோ. எனக்கு வலை கிடக்கு."

"நீ ஆரணிக்குச் சொந்தமாம்," என்றாள் குன்வோர் கூண்டு மைக்கில்.

"ஆர் ஆரணி?"

குன்வோர் பெயரைச் சொல்லி விளக்கவில்லை. மெட்டின் இரண்டு எட்டைப் பாடினாள்.

"ஓ, இந்தப் பெட்டையோ," என்றார் ஊட்வார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "அப்ப தெரியும். பாறையைத் திரும்பப் பாடுறன். இந்த முறை சத்தத்தைக் கூட்டி வை பிள்ளை."

ஆரணி கூட்டி வைத்தாள்.